நல்ல கடிகாரம் எது?

கைக்கடிகாரம் ஒன்றை நம் கையில் கொடுத்து, "இது நல்லதுதானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அதன் முகப்பைப் பார்க்கிறோம். பிறகு காதருகே வைத்து ஒலியைக் கேட்கிறோம். அதன்மேல் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறோம். இறுதியாக, "என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறோம். இந்த நான்கு சோதனைகளில் ஒன்றாவது, கடிகாரம் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைப் பற்றியதாக இருக்கிறதா? இல்லை. ஆளைப் பார்த்து அறிவை மதிப்பிடுவது போலத்தான் நாம் கடிகாரத்தையும் மதிப்பிடுகிறோம்.

இன்று சில ஆயிரம் ரூபாய்க்கும் கைக்கடிகாரம் கிடைக்கிறது. பல இலட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டும் காட்டுவது ஒரே நேரத்தைத்தான். அப்படியானால் எதை வைத்து ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் சொல்வது? சாவி கொடுத்து ஓடும் எந்திரக் கடிகாரத்தின் தரத்தை அறிவியல் முறைப்படி அளப்பது எவ்வாறு? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. என் ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், சவ்வாது மலையின் பக்கத்தில் அமைந்த ஊர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் ஓசூர் இருக்கிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. இந்தியாவின் கைக்கடிகார வரலாறு பெரிதும் இந்த 40 கிலோமீட்டர்ச் சாலையின் இரு முனைகளில் எழுதப்பட்டது என்றால் அது மிகையாகாது. பெங்களூரில் எச்.எம்.டி. என்னும் அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961ஆம் ஆண்டில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். 'ஜனதா' என்ற பெயரில் வந்த அதன் சாவிக் கடிகாரம் இந்நாட்டில் எத்தனையோ ஆசிரியர்களின் கையிலும் அலுவலர்களின் கையிலும் இருந்தது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016ஆம் ஆண்டு சனவரியில் மைய அரசு இசைவளித்தது. சாலையின் இம்முனையில், 1984ஆம் ஆண்டில் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து நிறுவிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்துக் குவார்ட்சுக் கடிகாரங்களைச் செய்தது. 2002ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 'எட்ஜ்' என்னும் கடிகாரத்தின் உள்ளியக்கம் 1.15 மில்லிமீட்டர் கனமே உடையது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பலர், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உறுப்புகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் கலையை அங்கே கற்றார்கள்.

ஆனால் கடிகாரத்தை மதிப்பிடும் பாடத்தை நான் தொழிற்சாலையில் கற்கவில்லை. ஒரு பேருந்தைத் தவறவிட்டுக் கற்றேன்.

அது 1977ஆம் ஆண்டு. நான் புகுமுக வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். தேர்வு திருப்பத்தூரில். காலையில் எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பேருந்து ஒன்றுதான் எனக்கு வழி. என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அவர் கையில் இருந்த 17 கல் கைக்கடிகாரம். அதைச் செய்தவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியின் முன் நின்று, செய்திக்கு முன் வரும் நேரக் குறிப்பொலியைக் கேட்டு அப்பா முள்ளைத் திருத்துவார். அதன்பின் வாரம் முழுவதும் தொடமாட்டார். அன்று சனிக்கிழமை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது" என்று அப்பா சொல்ல, நான் சாலைக்கு வந்தேன். பேருந்து கிளப்பிய புழுதிதான் இருந்தது. ஒரு சுமையுந்தில் ஏறி அரை மணி நேரம் தாழ்ந்து போய்ச் சேர்ந்தேன். எழுத விட்டார்கள். ஆனால் கடைசி இரண்டு கணக்குகளைப் போட நேரமில்லை.

அன்று மாலை நான் என் தந்தையாரிடம் சொல்லத் தகாத சொல் ஒன்றைச் சொன்னேன். "உங்களைப் போலவே உங்கள் கடிகாரமும் எதற்கும் உதவாது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றார். கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு நொடி பார்த்துவிட்டு, "உள்ளே எல்லாம் தேய்ந்து போய்விட்டது, முப்பது ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். புதியது வாங்குவதென்றால் என் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். அதற்கும் அப்பா ஆயத்தமாக இருந்தார்.

செய்தியைக் கேட்ட எங்கள் இயற்பியல் ஆசிரியர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது ஒரு நாளைக்கு எத்தனை விநாடி பின்தங்குகிறது?" எனக்கு விடை தெரியவில்லை. "அதை அறியாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாயா? பதினைந்து நாள் அளந்து பார்" என்றார்.

அளந்தேன். ஒவ்வொரு நாள் மாலையும் வானொலியின் கடைசிக் குறிப்பொலி கேட்கும் அந்த நொடியில் விநாடி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். முதல் ஐந்து நாள்கள் அப்பா வழக்கம் போல் அதைக் கட்டிக்கொண்டார். அந்த ஐந்து நாள்களில் அது பின்தங்கிய அளவு இது: 41, 40, 42, 40, 41 விநாடி. கணக்கிட்டால், சராசரி 40.8 விநாடி. ஆறு நாளைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். என் பேருந்து எங்கே போயிற்று என்பது விளங்கிவிட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அந்த ஐந்து எண்களில் மறைந்திருந்தது. அவற்றை மறுபடியும் பாருங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம்! சராசரியிலிருந்து எந்த எண்ணும் ஒன்றேகால் விநாடிக்கு மேல் விலகவில்லை. இதனோடு வேறொரு கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். அது முதல் நாள் 20 விநாடி முந்துகிறது. மறுநாள் 25 விநாடி பின்தங்குகிறது. மூன்றாம் நாள் 15 முந்துகிறது. நான்காம் நாள் 10 பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளையும் கூட்டினால் பிழை சுழி. கடையில் இதைத்தான் சரியான கடிகாரம் என்பார்கள். உண்மையில் இதுதான் கெட்ட கடிகாரம்; நாளை இது என்ன செய்யும் என்று ஒருவராலும் சொல்ல இயலாது. அப்பாவின் கடிகாரமோ நாளைக்கும் 41 விநாடி பின்தங்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். நாள்தோறும் அதே அளவு தவறும் கடிகாரத்தைத் திருத்திவிடலாம். நாளுக்கொரு விதமாகத் தவறுவதைத் திருத்த முடியாது. எந்திரக் கடிகாரத்தை மதிப்பிடுவதில் முதல் விதி இதுவே: பிழையின் அளவைவிடப் பிழையின் ஒழுங்கே முக்கியம்.

இந்த விதிக்காக ஒரு காலத்தில் பெரும் வழக்கே நடந்தது. கடலில் செல்லும் கப்பல் தான் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் தெரிய வேண்டும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே கடிகாரம் நான்கு நிமிடம் தவறினால் கணக்கு ஒரு பாகை தவறும். நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனக்குப் பேருந்தைத் தவறவைத்த அதே நான்கு நிமிடம் ஒரு மாலுமியைப் பாறையில் மோதவைக்கும். இதற்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு தரப்படும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. தச்சர் ஒருவரின் மகனாகிய ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரம் 1761ஆம் ஆண்டின் இறுதியில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. அதன் நாள் வீதத்தைக் கழித்துக் கணக்கிட்டால், 81 நாளில் அது பின்தங்கியது 5.1 விநாடியே. ஆயினும் பரிசுக் குழுவினர் ஒப்பவில்லை. "நாளொன்றுக்கு எத்தனை விநாடி தவறும் என்பதைப் பயணத்துக்கு முன்பே அறிவிக்கவில்லையே, பின்னால் கழித்துக்கொள்வது முறையா?" என்று கேட்டார்கள். ஆகவே 1764ஆம் ஆண்டில் பார்படோஸ் தீவுக்கு இரண்டாம் பயணம் நடந்தது. இம்முறை ஹாரிசன் வீதத்தை முன்கூட்டியே அறிவித்தார். 47 நாளில் பிழை 39.2 விநாடி. சட்டம் கேட்டதைவிட அது மூன்று மடங்கு நுட்பமானது. தவறாத கடிகாரத்தை எவரும் கேட்கவில்லை. தவற்றை முன்கூட்டியே சொல்லக்கூடிய கடிகாரத்தையே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி, கடிகாரத்தின் உள்ளே செல்வோம். சாவி கொடுக்கும்போது முதன்மைச் சுருள்வில் இறுகுகிறது. அது தளரும்போது பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. தடையின்றி விட்டால் சக்கரங்கள் சில நொடிகளில் கடகடவென்று ஓடி நின்றுவிடும். அவற்றைத் தடுத்துத் தடுத்து விடுவதற்கு ஒரு வாயிற்காவலன் இருக்கிறான். நாம் கேட்கும் 'டிக், டிக்' என்னும் ஒலி அவன் கதவைத் திறந்து மூடும் ஒலியே. அவனுக்கு ஆணையிடுவது ஊசல் சக்கரம். பழுதுபார்ப்பவர்கள் இதைப் 'பேலன்ஸ் வீல்' என்பார்கள். தலைமயிரைப் போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று, 'ஹேர் ஸ்பிரிங்', அதனோடு பிணைந்து அதை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சக்கரத்தின் நிலைமமும் சுருளின் வலிமையும் சேர்ந்து ஆட்டத்தின் காலத்தைத் தீர்மானிக்கின்றன. பள்ளியில் தனி ஊசலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பழைய சாவிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை துடிப்பவை. அதாவது விநாடிக்கு 5; ஒரு நாளைக்கு 4,32,000. அப்பாவின் கடிகாரம் ஒரு நாளில் 40 விநாடி பின்தங்கியது என்றால், இந்த நான்கு இலட்சத்துச் சொச்சம் துடிப்புகளில் ஏறத்தாழ 200 குறைந்தது என்று பொருள். ஒரு நாளைக்கு 5 விநாடி மட்டுமே தவறும் கடிகாரம் 17,280இல் ஒரு பங்கே தவறுகிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் படிக்கல், முழக்கோல் எதற்கும் இந்த நுட்பம் கிடையாது. இன்று பல கடிகாரங்கள் மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன. விரைந்து ஆடும் சக்கரம், கை அசைவினால் நேரும் அதிர்ச்சியிலிருந்து விரைவில் மீள்கிறது. ஆனால் அதற்கு ஆற்றல் கூடுதலாக வேண்டும். எண்ணெயும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது பொறியியலில் எங்கும் உள்ள நியதி.

ஊசல் சக்கரத்தின் ஒழுங்கைக் கெடுக்கும் பகைகள் பல. முதலாவது, புவியீர்ப்பு. கடிகாரம் மேசைமேல் முகம் நோக்கிப் படுத்திருக்கும்போது சக்கரத்தின் அச்சு ஒரு முனையில் நின்று சுழல்கிறது, உராய்வு குறைவு. நிமிர்த்தி வைத்தால் அச்சு பக்கவாட்டில் படுத்து உராய்கிறது. சக்கரத்தின் வீச்சு குறைகிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடியிருந்தாலும் நிமிர்ந்த நிலையில் அது வெளிப்பட்டுவிடும். என் குறிப்பேட்டின் அடுத்த பத்து நாள்கள் இதற்காகவே செலவாயின. முகம் மேலாக, முகம் கீழாக, சாவித் திருகு மேலாக, கீழாக, பக்கவாட்டாக என்று ஐந்து நிலைகளில் இரண்டிரண்டு நாள் வைத்து அளந்தேன். அந்தப் பத்து நாளும் அப்பா வெறுங்கையோடு பள்ளிக்குச் சென்றார். படுத்த நிலையில் 37, 38 விநாடியும், நிமிர்ந்த நிலைகளில் 43 முதல் 47 விநாடி வரையும் பின்தங்கியது. வேறுபாடு அதிகம் போனால் 10 விநாடி. தேய்ந்துபோன எந்திரம் இப்படி நடந்துகொள்ளாது.

இரண்டாவது பகை, வலிமைக் குறைவு. காலையில் சாவி கொடுத்தவுடன் சுருள்வில் முழு விசையோடு தள்ளுகிறது. மறுநாள் காலையில் அது களைத்திருக்கிறது. வீச்சு குறைந்தாலும் ஆட்டத்தின் காலம் மாறாதிருந்தால் அதுவே நல்ல இயக்கம். எனவே முழுச் சாவியில் ஒரு முறையும், 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து ஒப்பிட வேண்டும். "இது 70 மணி நேரம் ஓடும்" என்று விளம்பரத்தில் படித்தால், "70ஆவது மணியிலும் ஒழுங்காக ஓடுமா?" என்று நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது பகை, வெப்பம். சாதாரண எஃகுச் சுருள் சூடேறினால் தளர்கிறது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 விநாடி பின்தங்கும். நம் ஊர்க் கோடைக்கு அது எம்மாத்திரம்! வெப்பத்தால் பெரிதும் மாறாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டு இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சார்ல்ஸ் கியோம் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். அவருக்கு 1920ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கடிகாரச் சுருளுக்கும் நோபல் பரிசுக்கும் இத்தகைய உறவு உண்டு என்பது மாணவர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. நான்காவது பகை, காந்தம். ஒலிபெருக்கியின் அருகிலும் கைப்பேசி உறைகளின் காந்தப் பூட்டின் அருகிலும் கடிகாரத்தை வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது கடிகாரம் தலைதெறிக்க முந்தும்.

இந்தப் பகைகள் அனைத்தையும் வரிசையாக நிறுத்திக் கடிகாரத்தைச் சோதிக்கும் முறைகள் உலகில் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1973ஆம் ஆண்டு முதல் இயங்கும் கோஸ்க் என்னும் நடுநிலை நிறுவனம் இயக்கம் ஒவ்வொன்றையும் 15 நாள் சோதிக்கிறது. முதல் பத்து நாள் 23 பாகை வெப்பத்தில், ஐந்து நிலைகளில், நிலைக்கு இரண்டு நாள். அடுத்த மூன்று நாள் 8, 23, 38 பாகை வெப்பங்களில். கடைசி இரண்டு நாள் மறுபடியும் முதல் நிலையில். நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடிக்கு மேல் பின்தங்கவோ 6 விநாடிக்கு மேல் முந்தவோ கூடாது. அது மட்டும் போதாது. ஒரே நிலையில் இரண்டு நாளின் வீதங்களுக்குள் உள்ள வேறுபாடு சராசரியாக 2 விநாடிக்குள் அடங்க வேண்டும். கடைசி இரண்டு நாள் ஏன் என்று கேட்பீர்கள். இத்தனை இடர்ப்பாடுகளுக்குப் பிறகும் தன் பழைய நடைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக. இந்தச் சோதனையை அறிந்தபோது நான் வியந்தேன். வெப்பச் சோதனை நீங்கலாக, ஏறத்தாழ இதையே எங்கள் ஆசிரியர் ஒரு குறிப்பேட்டையும் ஊராட்சி வானொலியையும் கொண்டு என்னைச் செய்யவைத்திருந்தார். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய மேடாஸ் என்னும் சுவிஸ் அரசு நிறுவனத்தின் சோதனை இதைவிடக் கடுமையானது. பெட்டிக்குள் பொருத்திய முழுக் கடிகாரத்தையே அது சோதிக்கிறது. 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப்புலத்திலும் கடிகாரம் தளராமல் ஓட வேண்டும்.

இந்தச் சான்றிதழ்களிலும் ஒன்றை மறக்கலாகாது. சோதனை நடந்த அந்த நாள்களில் அந்த இயக்கம் எப்படி ஓடியது என்பதையே அவை சொல்கின்றன. ஐந்தாண்டு கழித்து எண்ணெய் உலர்ந்த பின் எப்படி ஓடும் என்பதைச் சொல்வதில்லை. மாணவன் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணும் அத்தகையதே அன்றோ?

பெயரைவிட எண் நேர்மையானது என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் நொய்ஷாட்டெல் வானாய்வுக் கூடத்தில் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் கடிகாரப் போட்டி நடந்தது. ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1964ஆம் ஆண்டில் முதன்முதலாக அதில் கலந்துகொண்டது. அதற்குக் கிடைத்தது 144ஆம் இடம். அவர்கள் மனம் தளரவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேடினார்கள். 1967ஆம் ஆண்டில் நிறுவனங்களின் வரிசையில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் செய்கோவின் இரு தொழிற்சாலைகளுக்குக் கிடைத்தன. மறு ஆண்டு ஜெனிவாவில் நடந்த போட்டியில், கைக்கடிகார வரிசையில் நான்காம் இடம் முதல் பத்தாம் இடம் வரை அதுவே பெற்றது. முகப்பின் பெயரைப் பார்த்து மதிப்பிட்டிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்குமா?

அப்படியானால் இலட்சக்கணக்கில் விலையுள்ள கடிகாரங்களில் அந்த விலை எதற்காக? பேராசைதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது முழு உண்மை ஆகாது. அவற்றின் உள்ளே பாலங்களின் விளிம்புகளைக் கையால் சரிவாகச் சீவி மெருகிட்டிருப்பார்கள். தகடுகளில் அலை அலையாகக் கோடுகள் இட்டிருப்பார்கள். திருகாணிகளைச் சூடேற்றி நீல நிறம் ஊட்டியிருப்பார்கள். இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்கு இன்பமே தவிர நேரத்துக்கு உதவி அல்ல. ஆனால் அச்சின் நுனிக்கும் பல்லின் முகத்துக்கும் இட்ட மெருகு வேறு. அது உராய்வைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது. அழகுக்கான உழைப்பு எது, ஓட்டத்துக்கான உழைப்பு எது என்று பிரித்தறிவதே மதிப்பிடுபவரின் வேலை. 'டூர்பியோன்' என்னும் சுழலும் கூண்டு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பிரெகே என்பவர் 1801ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். சட்டைப் பையில் எப்போதும் நிமிர்ந்தே தொங்கும் கடிகாரத்தில், புவியீர்ப்பின் பிழையை எல்லாப் பக்கங்களுக்கும் பங்கிட்டு ஈடுசெய்வது அதன் நோக்கம். பல திசையிலும் அசையும் கையில் கட்டும் கடிகாரத்துக்கு அதனால் எவ்வளவு பயன் என்பது இன்றும் வழக்கிலுள்ள கேள்வி. அது அரிய வேலைப்பாடு, ஐயமில்லை. அரிய வேலைப்பாடு வேறு, நல்ல ஓட்டம் வேறு.

'17 கல்', '21 கல்' என்று எண்ணிக்கை சொல்வார்கள். அக்கற்கள் செயற்கை மாணிக்கங்கள். உலோக அச்சு உலோகத்தில் சுழன்றால் தேயும். மாணிக்கத்தில் சுழன்றால் தேய்வு குறையும். தேவையான இடங்களில் எல்லாம் கல் இருந்தால் சாதாரணச் சாவிக் கடிகாரத்துக்கு 17 போதும். அதற்கு மேல் எண்ணிக்கையை ஏற்றுவதால் மட்டும் தரம் ஏறிவிடாது.

இத்தனைக்கும் மேலாக ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் குவார்ட்சுக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. இன்றைய குவார்ட்சுப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஓசூரில் செய்யும் எளிய குவார்ட்சுக் கடிகாரம் ஒரு மாதத்தில் தவறும் அளவை, பல இலட்சம் பெறும் எந்திரக் கடிகாரம் சில நாளிலேயே தவறிவிடும். நேரம் மட்டுமே வேண்டும் என்பவர் எந்திரக் கடிகாரம் வாங்க வேண்டியதில்லை. சுருள்வில், சக்கரம், மாணிக்கக்கல் ஆகியவற்றைக் கொண்டே மனிதக் கை எவ்வளவு தூரம் ஒழுங்கை எட்ட முடியும் என்பதைக் காண விரும்புகிறவருக்கே அது உரியது. அதனால்தான் அதன் தரத்தை விலையால் அளக்காமல் விநாடியால் அளக்க வேண்டும் என்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் சாவிக் கடிகாரம் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். நீண்ட நாள் கிடந்ததானால் முதலில் கழுவி எண்ணெய் இடச் செய்யுங்கள். பிறகு பதினைந்து நாள் அளந்து பாருங்கள். கைப்பேசியின் இணையம் வழியே கேட்கும் வானொலி ஒலி பல விநாடி தாழ்ந்து வரும். ஆகவே கைப்பேசி காட்டும் நேரத்தோடு நேரடியாக ஒப்பிடுங்கள். நாள்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். இடையில் முள்ளைத் தொடாதீர்கள். வெப்பச் சோதனை என்று குளிர்பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். பதினைந்து எண்களை எழுதி, சராசரியையும் விலகலையும் கணக்கிடுங்கள். புள்ளியியல் என்பது பாடநூலில் மட்டும் இருப்பதன்று என்று அன்று உணர்வீர்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் வேறொரு கடைக்குச் சென்றோம். அதைக் கடை என்பதுகூட மிகை. சாலையோரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னே கண்ணில் உருப்பெருக்கி பொருத்திய ஒரு பெரியவர். அவர் கடிகாரத்தைத் திறக்கும் முன் குறிப்பேட்டைத்தான் படித்தார். "தம்பி, இதற்கு நோய் ஒன்றும் இல்லை. அழுக்கு இருக்கிறது, அதைக் கழுவிவிடலாம். பிறகு இந்தச் சிறு கம்பியை ஒரு மயிரிழை தள்ளினால் போதும்" என்றார். அப்படியே செய்தார். அதன்பின் அது நாளொன்றுக்கு 3 விநாடிதான் முந்தியது. அவர் கேட்ட கூலி என் ஒரு நாள் பேருந்துச் செலவைவிடச் சற்றே கூடுதல். கல்லூரிப் பணம் கல்லூரிக்கே சென்றது. பின்னாளில் நான் இயற்பியல் ஆசிரியனானேன்.

திரும்பும் வழியில் நான் அன்று சொன்ன சொல்லுக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நாள்தோறும் வானொலியைக் கேட்டுத் திருத்தாமல் விட்டது என் பிழைதானே, தம்பி" என்றார். அவர் நாற்பது ஆண்டு ஒரே பள்ளியில், ஒரே வேளையில் மணி அடித்தவர். அந்த ஒழுங்கை நான் அதுவரை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. இன்று அந்தக் கடிகாரம் என் கையில் இருக்கிறது. இந்தப் பேச்சைத் தொடங்கும் முன் பார்த்தேன்; நிலையத்துக் கடிகாரத்தைவிட 4 விநாடி முந்தியிருந்தது. நேற்றும் 4 விநாடிதான்.